ஹார்வர்ட் தலைவர் எலியட்

1834ல் பாஸ்டன் நகரிற் பிறந்த சார்லஸ் எலியட், ஹார்வர்ட் கலாசாலையில் ரஸாயன ஆசிரியராயிருந்தார். 1863ல் அவர் நாடிய பேராசிரியர் பதவி வேறொருவருக்குச் சென்றது. அவர் மனந்தளர்ந்தாரில்லை; ஐரோப்பா சென்று பிரெஞ்சு, ஜெர்மன் கல்வி முறைகளை நேரிற் கண்டார். திரும்பியபின் மாஸச்சூஸெட்ஸ் தொழிற்கல்விச் சாலையில் ரஸாயனம் போதித்தார். அந்நிய முறைகளை அறிந்தும், அமெரிக்க சர்வகலாசாலை அவற்றின் பிரதியாகாது, சொந்த மண்ணிலேயே மெல்ல வளர வேண்டுமென்று 1869ல் எழுதினார். அவ்வாண்டே, 35வது வயதில், தம்மைப் புறக்கணித்த ஹார்வர்டுக்கே தலைவரானார். அவருடைய 40 ஆண்டு நிர்வாகத்தில் மாணவர் பாடங்களைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை பெற்றனர். வைத்தியக் கல்வியும் சட்டக் கல்வியும் சீர்பெற்றன. ஹார்வர்ட் வகுப்புகளைப் பெண்களுக்குத் திறவாதது அவர் குறையே. 1926ல் காலமானார். பிறர் முறையை ஆராய்தல் விவேகம்; அதற்கு அடிமையாதல் அவிவேகம். சுதந்திரம் பேணும் தேசத்தார் இதை மறத்தலாகாது.