எலும்பும் தோலுமான ரெனுவார்... ஒல்லியா இருந்தா சுகர் வராதா?

மரத்தடி வெளிச்சத்தில் ஜோடிகள் நடனமாடும் அந்தப் பழைய ஓவியம், ஸ்க்ரோல் பண்ணும்போது உங்க கண்ணில் பட்டிருக்கும். 1876-ல் அதை வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார்.

சுமார் 50 வயதில் அவருக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் ஆரம்பிச்சது. விரல்கள் உள்பக்கமா மடங்கி இறுகிப்போச்சு. நகம் உள்ளங்கையைக் குத்தாமலிருக்க துணி சுற்றிக்கொள்வார். வெயிலைத் தேடி, 1907-ல் தெற்கு பிரான்ஸின் கான்யே ஊரில் இடம் வாங்கினார். மூட்டு விறைக்கக் கூடாதுன்னு காலையில் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிப்பார். ஒருகட்டத்தில் அதுவும் முடியல. சக்கர நாற்காலி வந்தது. பிரஷ்ஷை யாராவது கையில் செருகிவிட்டால்தான் ஓவியம். ஆனாலும் வரைந்தார்!

போட்டோக்களில் அவர் கையைப் பார்க்கிற நாம, உடம்பைக் கவனிக்கிறதில்லை. வற்றிப்போயிருப்பார். இந்த நோயோட அழற்சி மூட்டோட நிற்காது, தசையையும் கரைக்கும். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை நிறைய வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைஞ்சு, அழற்சியும் இன்சுலினை வேலை செய்யவிடாம தடுத்தா, ஒல்லியானவங்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு வரலாம். வலிக்காகச் சாப்பிடும் ஸ்டீராய்டும் சுகரை ஏற்றும். வீட்டில் யாருக்காவது முடக்குவாதம் இருந்தா, அடுத்த செக்கப்பில் ஹெச்பிஏ1சி டெஸ்ட் பற்றியும் டாக்டரிடம் கேளுங்க.

ரெனுவார் காலத்தில் இந்தக் கேள்விக்கே வழியில்லை. அவர் இறந்தது 1919 டிசம்பரில். இன்சுலினைக் கண்டுபிடிச்சது 1921-ல்.