பச்சைத்தோல் முதல் களர் நிலம் வரை: டாக்டர் நாயுடம்மா வாழ்க்கை தரும் பாடம்

மாட்டுத்தோலுக்கும் களர் நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டிலும் நடப்பது முன்னும் போகும், பின்னும் திரும்பும் வேதிவினை. அதை நமக்கு வேண்டிய பக்கம் தள்ளுவதற்கு ஒரு வழி உண்டு. தோலில் அந்த வழியைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டவர் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை, டாக்டர் எலவர்த்தி நாயுடம்மா.

ஆந்திராவில், அன்றைய குண்டூர் மாவட்டத்தில், தெனாலி பக்கத்தில் உள்ள எலவர்ரு கிராமத்தில் 1922 செப்டம்பர் 10-ல் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் படித்தபின் சென்னை வந்து தோல் பதனிடும் பயிற்சி பெற்றார். தோலைத் தொடுபவரையே ஊர் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. படித்த பிள்ளை ஒருவர் அந்த வேலைக்குப் போவது அன்று சாதாரணமல்ல. பிறகு அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. நாயுடம்மா அங்கே விஞ்ஞானியாகப் பணியாற்றி, 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்தார். தோல் என்பது கொலாஜன் என்னும் புரத நாரால் ஆனது. அந்த நாருடன் பதனிடும் பொருள் எப்படிப் பிணைகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சியின் மையம். பக்கத்திலேயே, கிண்டியில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன், இந்த நிறுவனத்திலிருந்தும் கொலாஜன் மாதிரி பெற்றுத்தான் ஆய்வைத் தொடங்கினார். அந்த நார் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் உலகுக்குக் காட்டினார்.

இனி வினைக்கு வருவோம். நம் ஊர்களில் ஆவாரம் பட்டைச் சாற்றில்தான் தோலைப் பதனிட்டார்கள். பச்சைத்தோலை எடுத்த எடுப்பில் கெட்டியான புதுச் சாற்றில் போட்டால் மேல்பக்கம் மட்டும் இறுகிவிடும், உள்ளே வேகாது. அதனால் முதலில் நீர்த்த பழைய சாறு, பிறகு கொஞ்சம் கெட்டியான சாறு, கடைசியில் புதுச் சாறு என்று தொட்டி மாற்றுவார்கள். சாற்றில் இருப்பதும் தோல் பிடித்ததும் சமமானதும் வினை நின்றதுபோல் ஆகும். அடுத்த தொட்டிக்கு மாற்றினால் மறுபடி முன்னே போகும். இந்தச் சமநிலைக் கணக்கைத் தொழிலாளிகள் கை அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்பதை ஆராய்ச்சி விளக்கியது.

குரோம் உப்பில் பதனிடும்போதும் இதே கதைதான். கார அமில நிலை 3-க்கு அருகில் இருக்கும்போது குரோமை நார் பிடிக்காது, அதனால் அது தடையின்றி உள்ளே இறங்கும். பிறகு சோடா உப்பு சேர்த்து அமிலத்தைக் கொஞ்சம் குறைத்து, 4-ஐ ஒட்டிக் கொண்டுவந்தால் நார் குரோமைப் பற்றிக்கொள்ளும். அவசரப்பட்டு முதலிலேயே சோடா போட்டால் மேல்தோலோடு நின்றுவிடும்.

ஆனால் வினை முழுதாக முடிவதில்லை. வழக்கமான முறையில் போட்ட குரோமில் சுமார் 3-ல் 1 பங்கு தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்தத் தண்ணீரும், தோலை ஊறவைத்த உப்புத் தண்ணீரும் பாலாற்றங்கரைக் கிணறுகளையும் வயல்களையும் என்ன செய்தன என்பதை வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி விவசாயிகள் அறிவார்கள். அவர்களுக்காக எழுந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாயுடம்மாவுக்குப் பின் அதே நிறுவனம் குரோமை மீட்கும் முறையைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனது. கழிவுநீரில் மக்னீசியா சேர்த்தால் குரோம் சேறாகப் படியும். அந்தச் சேற்றில் கந்தக அமிலம் விட்டால் மறுபடி கரைந்து, திரும்பப் பயன்படும்.

நாயுடம்மா 1971 முதல் 1977 வரை நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்துக்குத் தலைமை வகித்தார். ஆய்வகம் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று கரீம்நகர் மாவட்டத்தைத் தேர்ந்து விஞ்ஞானிகளை அங்கே அனுப்பினார். 1985 ஜூன் 23 அன்று வெடிகுண்டுக்கு இரையான ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில், 62 வயதில் உயிரிழந்தார்.

அவர் தோலில் பார்த்த இந்த விதியை உங்கள் நிலத்தில் நீங்களே பார்க்கலாம். களர் நிலத்தில் சோடியம் மண் துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விடுவித்து, அந்த இடத்தைப் பிடிக்கும். விடுபட்ட சோடியம் வயலிலேயே தேங்கினால் வினை பாதியில் நிற்கும், பின்னும் திரும்பும். அதனால் மண் பரிசோதனை சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டு உழுது, சுமார் 10 செ.மீ. நல்ல தண்ணீர் கட்டி, சில நாள் வைத்து வடித்துவிடுங்கள். இதைச் சில முறை திரும்பச் செய்யுங்கள். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சத்துக்குச் செலவழித்த பணம் பெருமளவு வீண்.

தோலுக்கும் மூன்று குறிப்புகள். மாடு இறந்தால் தோலைச் சில மணி நேரத்துக்குள் உரித்து, உள்பக்கம் முழுவதும் தோல் எடையில் ஏறக்குறைய பாதி அளவு உப்பைத் தேய்க்க வேண்டும். உப்பு தோலின் ஈரத்தை வெளியே இழுத்து, அழுகலைத் தடுக்கும். இரண்டாவது, மாட்டுக்குச் சூடு போடுவதையும், முள்கம்பி கீறுவதையும், உண்ணி மொய்ப்பதையும் தவிருங்கள். அந்தத் தழும்பு பதனிட்ட பிறகும் மறையாது, விலை குறையும். மூன்றாவது மிக முக்கியம். மாடு திடீரென இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். தோலை உரிக்கவே கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, அவர் சொல்கிறபடி ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள்.