கெர்னலுக்குள்ள ஒரு போஸ்

நாமக்கல் முட்டை ட்ரே ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க. 5 வரிசை, வரிசைக்கு 6 முட்டை, மொத்தம் 30. வெள்ளை முட்டைன்னா 0, பழுப்பு நாட்டு முட்டைன்னா 1. குறுக்கே எண்ணினாலும் நெடுக்கே எண்ணினாலும் பழுப்பு முட்டை இரட்டைப்படையில்தான் வரணும்னு விதி வச்சு அடுக்குறோம். யாராவது ஒரு முட்டையை மாத்தி வச்சா, குறுக்கே ஒரு வரிசையும் நெடுக்கே ஒரு வரிசையும் ஒற்றைப்படை ஆகிடும். ரெண்டும் சந்திக்கிற குழியில்தான் தப்பு. ஆனா ஒரே வரிசையில் ரெண்டு முட்டையை மாத்தினா? தப்பு நடந்தது தெரியும், எந்த வரிசையில்னு தெரியாது.

சர்வரில் இருக்கும் இசிசி மெமரியின் கதையும் இதுதான். வழக்கமா 64 பிட்டுக்கு 8 செக் பிட் கூடவே போகும். ஒரு பிட் புரண்டால் ஹார்டுவேரே திருத்திவிடும். லினக்ஸ் கெர்னல் அதைக் கணக்கில் குறித்துக்கொள்ளும். ரெண்டு பிட் புரண்டால் திருத்த முடியாது. அப்போது கெர்னல் அந்த மெமரிப் பக்கத்தை விஷம் என்று குறித்து ஒதுக்கி வைக்கும். டிஸ்க்கில் அதே நகல் இருந்தால் மறுபடி படித்துக்கொள்ளும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தும் புரோகிராமைக் கொன்றுவிட்டு மற்றதைக் காப்பாற்றப் பார்க்கும். கெட்டுப்போனது கெர்னலின் சொந்த இடம் என்றால் பெரும்பாலும் பேனிக்தான்.

ஒரு தவறைத் திருத்தும் வழியை 1950-ல் ஹேமிங் கொடுத்துவிட்டார். பல தவறுகளை எப்படித் திருத்துவது? அதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் நம்ம நாட்டுக்காரர், ராஜ் சந்திர போஸ்.

1901-ல் ஹோஷங்காபாத்தில் பிறந்தார். வளர்ந்தது ரோத்தக்கில். 1918-ல் உலகையே உலுக்கிய இன்ஃப்ளுயன்சா காய்ச்சலில் அம்மா போய்விட்டார். அடுத்த வருஷமே அப்பாவும் இறந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த போஸ்தான் வீட்டுக்கு மூத்தவர். உதவித்தொகையையும் டியூஷனையும் நம்பித்தான் தம்பி தங்கைகளும் அவர் படிப்பும். டெல்லியில் எம்.ஏ. முடித்து, கல்கத்தா போய் இன்னொரு எம்.ஏ.வும் வாங்கினார். 1930-ல் அங்கே அசுதோஷ் கல்லூரியில் வேலை கிடைத்தது. வகுப்பு எடுத்தே நாள் போய்விடும். லீவு விட்டால்தான் ஆராய்ச்சி.

1932 கடைசியில் மஹலனோபிஸ் அவரை இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு அழைத்தார். இங்கேதான் கவனிக்கணும்: போஸ் படித்தது ஜியோமெட்ரி. புள்ளியியல் அவருக்குத் தெரியாது. 31 வயதில் அடிப்படையிலிருந்து படிக்க ஆரம்பித்தார். கோர் கம்பெனியா ஐடியா, டொமைன் மாறினால் எல்லாம் வீணா என்று நாம ஹாஸ்டலில் ராத்திரி முழுக்கப் பேசுவோமே, அந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையே பதில்.

அப்போது புள்ளியியலில் பெரிய வேலை விவசாயச் சோதனைகள். எந்த வயல் துண்டில் எந்த ரகத்தைப் போட்டால் ஒப்பீடு நியாயமா இருக்கும்? இந்த அடுக்கும் பிரச்சினைக்கு போஸ் தன் பழைய ஜியோமெட்ரியையே எடுத்துவந்தார். ஜெர்மனியில் நாஜிகளால் வேலை இழந்து கல்கத்தா வந்திருந்த லெவி என்ற பேராசிரியரிடம் ஃபைனைட் ஃபீல்டு கணிதமும் கற்றார். ரெண்டையும் சேர்த்து 1939-ல் வெளியிட்ட கட்டுரை அந்தத் துறைக்கே அடித்தளமானது.

1949-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பத்து வருஷம் கழித்து, ஆய்லர் 1782-ல் சொன்ன ஒரு கணிப்பு தவறு என்று ஸ்ரீகண்டே, பார்க்கர் இருவரோடு சேர்ந்து நிரூபித்தார். நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது. 1960-ல் தன் மாணவர் ரே-சௌதுரியோடு சேர்ந்து பல தவறுகளைத் திருத்தும் கோடை வெளியிட்டார். முந்தைய வருஷமே பிரான்சில் ஹாக்கெங்கெம் தனியாக அதைக் கண்டிருந்தார். மூவர் பெயரும் சேர்ந்ததுதான் பிசிஎச் கோடு. வயல் துண்டுகளை அடுக்க உதவிய அதே ஃபைனைட் ஃபீல்டுதான் இங்கே பிட்டுகளைக் காத்தது. போஸுக்கு அப்போது 58 வயது.

இந்தக் கோடில் எத்தனை தவறு வரை திருத்தணும்னு நாமே முடிவு செய்யலாம். 512 பைட் டேட்டாவில் 4 பிட் தவறைத் திருத்த 52 செக் பிட் போதும். எழுதி எழுதித் தேயும் நாண்டு ஃபிளாஷ் சிப்புக்கு இது தேவைப்பட்டது. லினக்ஸ் கெர்னல் சோர்ஸில் லிப் ஃபோல்டரைத் திறந்து பாருங்க, பிசிஎச் என்ற பெயரிலேயே ஒரு ஃபைல் இருக்கும்.

1987-ல் கொலராடோவில் போஸ் காலமானார். அடுத்த தடவை சேலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், டீ சிந்தி அழுக்கான க்யூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணும்போது அவரை நினைச்சுக்கோங்க. அந்தக் கட்டத்தை எப்படிப் படிக்கணும்னு சொல்லும் 5 பிட்டுக்கு 10 செக் பிட் காவல் இருக்கு. அதுவும் பிசிஎச்தான். 15-ல் 3 பிட் அழிஞ்சாலும் உங்க டீக்காசு போய்ச் சேரும்.