கொழும்பை எச்சரித்தார்... ஜப்பானிடம் சிக்கினார்! யார் இந்த விமானி லியோனார்ட் பிர்ச்சால்?

1942 ஏப்ரல் 4, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். இலங்கைக்குத் தெற்கே, கரையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலுக்கு மேலே ஒரே ஒரு ரோந்து விமானம் பறந்துகொண்டிருந்தது. அதில் 9 பேர். விமானி லியோனார்ட் பிர்ச்சால், கனடாக்காரர், வயது 26. இலங்கைக்கு வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

ரோந்து முடிந்து திரும்ப வேண்டிய நேரத்தில், தூரத்தில் கடல் விளிம்பில் சில புள்ளிகள் தெரிந்தன. என்னவென்று பார்க்கக் கிட்டே போனார். கிட்டே போகப் போகப் புள்ளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அது ஜப்பானின் போர்க்கப்பல் படை.

அன்று அவர் அனுப்பிய தகவலுக்காகத்தான் பிர்ச்சாலை 'இலங்கையின் காவலர்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஜப்பான் முகாம்களில் அவர் கழித்த 3 ஆண்டுகளுக்கும் மேலான கதை, நம்ம ஊரில் பலருக்கும் தெரியாது.

எதிரே வந்தது யார்?

வைஸ் அட்மிரல் நகுமோ தலைமையிலான படை. 4 மாதங்களுக்கு முன், 1941 டிசம்பரில், அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரை அடித்து நொறுக்கிய அதே படை. இந்த முறை 5 விமானந்தாங்கிக் கப்பல்கள், 4 பெரிய போர்க்கப்பல்கள், கூடவே குரூசர்களும் நாசகாரிக் கப்பல்களும் வந்தன. இலக்கு: கொழும்புத் துறைமுகமும் பிரிட்டிஷ் கடற்படையும்.

பிர்ச்சால் ஓட்டியது கேட்டலினா என்ற கடல் விமானம். தண்ணீரில் இறங்கி ஏறக்கூடியது, ரொம்ப தூரம் பறக்கும். ஆனால் மெதுவானது. அதைத் துரத்தி வந்த ஜப்பானின் ஜீரோ போர் விமானங்கள் மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து வரும். கேட்டலினா எவ்வளவு விரட்டினாலும் 300 கிலோமீட்டர்தான். தப்பிக்க வழியே இல்லை.

தப்பி ஓடுவதைவிடத் தகவல் அனுப்புவதுதான் முக்கியம் என்று அவர் முடிவெடுத்தார். கப்பல்கள் எத்தனை, எங்கே இருக்கின்றன, எந்தத் திசையில் போகின்றன என்று வயர்லெஸ்ஸில் செய்தி கிளம்பியது. ஒரே செய்தியை 3 முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பாய்ந்து வயர்லெஸ் கருவி சிதறியது. விமானம் தீப்பிடித்தது. எரிகிற விமானத்தைக் கடலில் இறக்கினார் பிர்ச்சால். தண்ணீரில் குதித்தவர்கள் மீதும் குண்டுமழை பொழிந்தது. 9 பேரில் 3 பேர் இறந்தார்கள். மீதி 6 பேரை இசோகாசே என்ற ஜப்பானியக் கப்பல் தூக்கிக்கொண்டு போனது.

கப்பலில் என்ன நடந்தது?

ஜப்பானியர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செய்தி போய்ச் சேர்ந்ததா, இல்லையா? பிர்ச்சால் கடைசிவரை இல்லை என்றே சாதித்தார். காயத்தோடு கிடந்தவர்களையும் அடித்தார்கள். அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் விதி விளையாடியது. அரைகுறையாகக் கிடைத்த செய்தியை மறுபடி அனுப்பும்படி கொழும்பிலிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டார்கள். அதை ஜப்பானியர்களும் ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். பொய் வெளிப்பட்டது. மறுபடியும் அடி.

அவர் எச்சரித்ததால் என்ன பலன்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை, 100-க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதற்குள் துறைமுகத்தில் இருந்த பல கப்பல்கள் வெளியேறிவிட்டன. பேர்ல் ஹார்பரைப் போல வரிசையாக நிற்கும் கப்பல்கள் அங்கே ஜப்பானுக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ரத்மலானை விமானத் தளத்தில் இருந்த பிரிட்டிஷ் போர் விமானங்கள், எச்சரிக்கை வந்தும், எதிரி தலைக்கு மேலே வந்த பிறகுதான் கிளம்பின. கடலில் இருந்த கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற 2 குரூசர்கள் அன்றே மூழ்கி, 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏப்ரல் 9-ல் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. தாக்குதல் வரப்போகிறது என்று பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு முன்பே தகவல் இருந்ததும் உண்மை. ஆனால் எப்போது, எங்கிருந்து என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் பிர்ச்சால்தான்.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

அப்போது விருதுநகர், சிவகாசி, சாத்தூர் எல்லாம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. அதே மாவட்டத்தின் தனுஷ்கோடியிலிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் போகும். வியாபாரத்துக்கும் வேலைக்கும் இலங்கை போனவர்கள் தென் மாவட்டங்களில் ஏராளம். கொழும்பில் விழுந்த குண்டு இங்கே எத்தனையோ வீடுகளின் கவலை.

ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்தது மெட்ராஸ்தான் என்ற பீதி கிளம்பியது. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்கள் உள்ளூர்ப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்தால் தப்பி வெளியே வந்துவிடும் என்ற பயத்தில், உயிரியல் பூங்காவில் இருந்த கொடிய மிருகங்களைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள்.

சிறையில் 3 ஆண்டுகள்

பிர்ச்சால் ஜப்பானில் உள்ள ஒஃபுனா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அது கடற்படையின் ரகசிய விசாரணை முகாம். அங்கே இருப்பவர்களின் பெயரைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூடத் தரமாட்டார்கள். உயிரோடு இருக்கிறாரா என்பது வீட்டாருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பிரபல போர் விமானி கிரெகரி பாயிங்டனும் பின்னர் இதே முகாமில்தான் அடைக்கப்பட்டார்.

போர்க் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆனால் அதை முறைப்படி ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. பிடிபட்ட விமானிகளின் நிலைமை இன்னும் மோசம். பிர்ச்சால் சிக்கிய 2 வாரத்தில், ஏப்ரல் 18-ல், அமெரிக்க விமானங்கள் டோக்கியோவைத் தாக்கின. அதில் பிடிபட்ட 8 பேரில் 3 பேருக்கு அக்டோபரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒருவர் சிறையிலேயே இறந்தார்.

ஒஃபுனாவுக்குப் பிறகு பிர்ச்சால் போன முகாம்களில், கைதிகளில் மூத்த அதிகாரி அவர்தான். அங்கே சோறு விஷயத்தில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதிகாரியின் தட்டில் அதிகமாக இருக்கிறது என்று ஒரு சாதாரண சிப்பாய்க்குத் தோன்றினால், தன் தட்டைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளலாம். கேள்வியே கிடையாது. பசியில் சாகக் கிடக்கும் இடத்தில், அதிகாரிகள் மீது மற்றவர்களுக்கு நம்பிக்கை வரக் காரணம் இதுதான்.

1944-ல், எழுந்து நிற்கவே முடியாத நோயாளிகளையும் கப்பல் துறைக்கு வேலைக்குத் துரத்தினார்கள். பிர்ச்சால் எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொன்னார். நோயாளிகளுக்கு ஓய்வு கொடுக்கும்வரை ஒருவரும் வேலை செய்யக் கூடாது என்றார். கையில் ஆயுதம் இல்லாத கைதி, துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் நடத்திய வேலைநிறுத்தம் அது. அவரை அடித்துத் துவைத்து, டோக்கியோவின் ஓமோரி முகாமுக்குத் தண்டனையாக அனுப்பினார்கள். அங்கேயும் அடி காத்திருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு ஆபத்தான வேலையும் செய்தார். யார் எப்படி அடிபட்டார்கள், யாருக்கு என்ன நோய் என்று ரகசியமாக டைரி எழுதி, மண்ணில் புதைத்து வைத்தார். மாட்டியிருந்தால் உயிர் போயிருக்கும்.

விடுதலைக்குப் பிறகு?

1945 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கப் படையினர் அவரை மீட்டனர். புதைத்து வைத்த டைரிகள், பின்னர் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் சாட்சியமாகின. பிர்ச்சாலும் நேரில் சாட்சி சொன்னார். இலங்கை ரோந்துக்காக ஒரு விருதும், முகாமில் காட்டிய துணிச்சலுக்காக இன்னொரு விருதும் கிடைத்தன.

ஜப்பானிடம் சிக்கிய மேற்கு நாட்டுக் கைதிகளில், நூற்றுக்கு சுமார் 27 பேர் உயிரிழந்ததாக டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம் பதிவு செய்தது. பிர்ச்சாலின் பொறுப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று கனடாவில் சொல்கிறார்கள்.

1963 முதல் 1967 வரை கனடாவின் ராயல் மிலிட்டரி கல்லூரிக்குத் தலைமை வகித்து, இளம் அதிகாரிகளை உருவாக்கினார். 2004 செப்டம்பர் 10-ல், 89 வயதில் காலமானார்.

கொழும்புக்கு அவர் அனுப்பிய எச்சரிக்கை சில நிமிட வேலை. முகாமில் தன் தட்டை அடுத்தவனுக்கு நீட்டியதும், நோயாளிகளுக்காக அடி வாங்கியதும் ஆண்டுக்கணக்கில் நடந்தவை. அந்தக் கப்பல் துறையில் வேலைக்குப் போகாமல் ஓய்வு கிடைத்த நோயாளிகளுக்கு, பிர்ச்சால் யார் என்று கேட்டால், இலங்கையைப் பற்றி அவர்கள் பேசியிருக்கவே மாட்டார்கள்.