பிள்ளையவர்கள் பெற்ற பரிசு

விடுமுறையில் பாடாங் செராய் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு மாணவனின் அம்மா என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். கூடவே ஓர் அங்பாவ் உறையைக் கையில் திணித்து, மகனைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கச் சொன்னார். அரசாங்க ஊழியர்கள் பரிசு வாங்குவது பற்றி 1998-லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு மனசாட்சிதான் சுற்றறிக்கை. அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

1815-இல் திருச்சிராப்பள்ளி அருகே பிறந்தவர் அவர். தந்தை சிதம்பரம் பிள்ளையும் ஆசிரியர்தான். இளமையில் தண்டியலங்காரம் கற்க விரும்பியபோது, அதை அறிந்த ஒரு பரதேசி கிடைத்தார். அவர் பிச்சைக்குப் போகும் தெருவெல்லாம் உடன் நடந்து பாடம் கேட்டார் பிள்ளை. கல்விக்காக மாணவன் என்ன தருவான் என்பதை அவர் தம் கால்களால் அறிந்தவர்.

பின்னாளில் மாயூரத்தில் தங்கி, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகவும் விளங்கினார். 20-க்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடினார். அவற்றைப் பாடச் சொன்ன செல்வர்கள் தந்த சன்மானமே அவருடைய வருமானம். மாணவர்களிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை. பலருக்குத் தம் வீட்டிலேயே சோறும் இடமும் தந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலர், கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை, 1871-இல் வந்து சேர்ந்த 16 வயது உ.வே.சாமிநாதையர் என எல்லாரும் அவருக்கு ஒரே வகுப்புதான். கையில் காசில்லாத நாட்களும் கடன் தொல்லையும் அவரைவிட்டுக் கடைசி வரை போகவில்லை.

அந்த வறுமையை நான் போற்றவில்லை. ஆசிரியரும் சாப்பிட வேண்டும்; எனக்கும் மாதக் கட்டணம் உண்டு. ஆனால் பாடத்தை மாணவன் தரும் பொருளால் அளக்காத அவருடைய பழக்கம் என்னை உறுத்தியது. என் வகுப்பின் கடைசி வரிசையில், உறை தர முடியாத வீட்டுப் பிள்ளை ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது.

1876 பிப்ரவரி 1-இல் பிள்ளை மறைந்தார். அந்தக் கடைசி நேரத்தில் சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டார். சாமிநாதையர் திருவாசகம் படித்தார். சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் அச்சிட்டுப் புகழ்பெற்ற அதே சாமிநாதையர், 57 ஆண்டுகள் கழித்து, 1933-லும் 1934-லும் தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அப்போது அவருக்கு 80 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியரிடமிருந்து இனிப் பெற எதுவும் இல்லாத காலத்தில் கொடுத்த பரிசு அது.

பரிசுக்கும் கையூட்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அங்கேதான் தெளிவாகியது. கொடுப்பவர் திரும்ப எதையாவது எதிர்பார்க்கும் வேளையில் வந்தால், பத்து வெள்ளியும் பாரம்தான்.

மறுநாள் உறையைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மாவின் முகம் வாடியது. தேர்வு முடிந்து முடிவும் வந்த பிறகு, சாப்பிட நானே வருவதாகச் சொன்னேன். மற்ற மாணவர்களையும் கூட்டி வரலாமா என்றும் கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.