கழட்டிப் பூட்டிய கை

இந்த முறை நாம் தெரிந்துகொள்ளப் போவது ஜி.டி. நாயுடுவைப் பற்றி. கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893ல் பிறந்தவர்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோனது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, இது எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

கோயம்புத்தூருக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சம்பளத்தைச் சேர்த்து வைத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதோடு விடவில்லை. வண்டியைப் பாகம் பாகமாகக் கழட்டி, திரும்பவும் பூட்டினார்.

இன்ஜினியரிங் படிக்கும் எனக்கு அவர் வாழ்க்கையில் இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். கழட்டுவது யாருக்கும் முடியும். திரும்பப் பூட்டும்போதுதான் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும். ஒரு சின்ன வாஷர் மிச்சமானாலும் வண்டி நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்! அப்படிக் கற்றுக்கொண்டதை எந்தப் பரீட்சை முடிந்தாலும் மறக்க முடியாது.

1920ல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுதான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். பேட்டரியில் ஓடும் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் காத்தாடி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் கை தொடாத துறையே இல்லை போலிருக்கிறது.

எல்லாமே ஜெயித்துவிடவில்லை. 1952ல் இரண்டு பேர் போகக்கூடிய காரை 2,000 ரூபாய்க்குக் கொடுக்க நினைத்தார். அரசாங்க உரிமம் கிடைக்காமல் அது நின்றுபோனது.

பள்ளியை விட்டவர்தானே, நாமும் படிப்பை விட்டுவிடலாமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்! 1945ல் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கல்லூரி வரக் காரணமாக இருந்தவரே அவர்தான். படிப்பை அவர் வெறுக்கவில்லை. நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடமே போதும் என்று வாதாடினார். அதை நாலு வருடப் படிப்பில் உட்கார்ந்திருக்கும் நான் முழுசாக ஏற்கவில்லை. கணக்கும் கோட்பாடும் இல்லாமல் பாலம் கட்ட முடியாது. ஆனால் ஒரு மோட்டாரைக்கூடத் திறந்து பார்க்காமல் பட்டம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அங்கேதான் அவர் சொன்னது சுடுகிறது.

1974ல் அவர் மறைந்தார்.

தம்பி தங்கைகளே, வீட்டில் கெட்டுப்போன காத்தாடி ஏதாவது கிடக்கிறதா? தூக்கிப் போடுவதற்கு முன்னால், பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, அப்பாவையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை திறந்து பாருங்கள். திரும்பப் பூட்டவும் மறக்காதீர்கள்.