விரலை இழந்த இசைமேதை

சாதகம் செய்யாமல் கெட்ட வித்துவான்கள் பலர் உண்டு. சாதகம் செய்தே கெட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜெர்மன் இசைமேதை ராபர்ட் ஷூமான்.

1810-ஆம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி ஸ்விக்காவ் நகரில் அவர் பிறந்தார். தந்தை புத்தக வியாபாரி. பையனுக்குப் பியானோ மீது இருந்த மோகத்தைக் கண்டு ஊக்கம் கொடுத்தவர். ஆனால் ராபர்ட்டுக்கு 16 வயது ஆனபோது அவர் காலமாகிவிட்டார். தாய்க்கோ சங்கீதம் சோறு போடும் என்ற நம்பிக்கை இல்லை. 1828-ல் மகனை லீப்சிக் சர்வகலாசாலைக்குச் சட்டம் படிக்க அனுப்பினாள்.

போன இடத்திலும் பியானோதான்! அந்நகரில் பிரடெரிக் வீக் என்ற ஆசிரியர் பேர்பெற்று விளங்கினார். ஷூமான் அவரிடம் சிறிது காலம் பாடம் கேட்டார். பிறகு சட்டப் படிப்பைத் தொடர ஹைடல்பர்க் நகரம் போனார்.

1830 ஏப்ரலில் பிராங்பர்ட் நகரில் பாகனீனியின் பிடில் கச்சேரி நடந்தது. மனித விரல்களால் இப்படியும் முடியுமா என்று ஐரோப்பா முழுவதும் வியந்த வித்துவான் அவர். அதைக் கேட்ட ஷூமானுக்கு அத்துடன் சட்டம் கசந்துவிட்டது. இசையே தம் வாழ்வு என்று தாய்க்கு எழுதினார். தாய் கலங்கிப்போய் வீக்கிடம் யோசனை கேட்டாள். மூன்றே வருஷங்களில் உங்கள் மகனைப் பெரிய பியானோ வித்துவானாக்குகிறேன் என்று வீக் பதில் எழுதினார். ஆனால் தினசரிப் பாடமும் இசை இலக்கணமும் பொறுமையும் வேண்டும் என்றார். அந்த அக்டோபரிலேயே ஷூமான் அவர் வீட்டில் வந்து தங்கினார்.

அங்கே ஒரு சிறுமி இருந்தாள். வீக்கின் மகள் கிளாரா. 9 வயதிலேயே மேடை ஏறிவிட்டவள். அவளுக்குத் தந்தை வகுத்திருந்த முறை எளிமையானது. தினம் ஒரு மணி நேரம் பாடம். இரண்டு மணி நேரம் சாதகம். பிறகு வெளியே காற்றாட நெடுந்தூரம் நடை.

ஷூமானுக்கு அந்த நிதானம் பிடிபடவில்லை. வயது 20 ஆகிவிட்டது. சிறுமியோ தம்மைவிட அழகாக வாசிக்கிறாள். அந்த வேகம் யாரைத்தான் விட்டது! 1831-ல் வீக் மகளை அழைத்துக்கொண்டு பாரிஸ் வரையில் கச்சேரிப் பயணம் புறப்பட்டார். ஷூமானைக் கண்டிக்க ஆளில்லாமல் போயிற்று.

சுருட்டு யந்திரம்

அந்நாளில் விரல்களைப் பழக்கும் பொறிகள் ஐரோப்பாவில் விலைக்குக் கிடைத்தன. ஷூமானும் ஒரு பொறியைக் கையாண்டார். தம் நாட்குறிப்பில் அதற்குச் 'சுருட்டு யந்திரம்' என்று பெயரிட்டார். ஒரு விரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களைப் பழக்குவது இப்படிப்பட்ட பொறிகளின் நோக்கம்.

விரல்கள் ஒன்றையொன்று சாராமல் இயங்க வேண்டும் என்பது பியானோக்காரர்களின் ஆசை. உடலின் அமைப்பு அதற்கு முழுவதும் இடம் கொடுப்பதில்லை. கையை மேசைமீது விரித்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். எழும்புவது கஷ்டம். புறங்கையில் அந்த விரல்களின் தசைநார்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணம். எந்த யந்திரத்தாலும் அந்தப் பிணைப்பை அவிழ்க்க முடியாது.

1832-ல் ஷூமானின் வலக்கை நடுவிரல் சொன்னபடி கேட்க மறுத்தது. வைத்தியர்கள் பலர் பார்த்தார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். மூலிகை நீரில் கையை ஊறப்போட்டார்கள். அப்போதுதான் வெட்டிய மிருகத்தின் வெதுவெதுப்பான குடலுக்குள் கையை நுழைத்து வைப்பதும் அக்காலத்து வைத்தியம். அந்த அருவருப்பையும் அவர் சகித்துக்கொண்டார். விரல் மீளவில்லை.

பொறி ஒன்றே காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஒரே அசைவை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பச் செய்ததால் விரல்களை ஆளும் மூளையின் கட்டளை குழம்பியிருக்கும் என்று இன்றைய நரம்பு மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் மேலும் மேலும் சாதகம் செய்தது, எரிகிற தீயில் எண்ணெய் வார்த்ததுதான்.

மேடைக் கனவு முடிந்தது. ஷூமான் பேனாவை எடுத்தார். 1834-ல் ஓர் இசைப் பத்திரிகை தொடங்கினார். உருப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. வீக்கின் கடும் எதிர்ப்பை மீறி, கோர்ட்டு வரை போய், 1840-ல் கிளாராவை மணந்தார். அந்த ஒரே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்தார்.

1848-ல் மூத்த மகள் மேரியின் பிறந்த நாளுக்காகச் சிறு பியானோ உருப்படிகளை எழுதினார். அவை வளர்ந்து, குழந்தைகளுக்கான 43 உருப்படிகள் கொண்ட தொகுப்பாயின. அதை ஒட்டி, இசை பயில்வோருக்குச் சில விதிகளையும் எழுதி 1850-ல் வெளியிட்டார். அவற்றைப் படிப்பவருக்கு அந்த நடுவிரல் நினைவு வராமல் இராது. ஒலி எழுப்பாத ஊமைக் கட்டைகளில் விரலைப் பழக்குவதை அவர் ஏற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் வெறும் விரல் வேகத்துக்காகவே மணிக்கணக்கில் உழைப்பவர்களைக் கேலி செய்தார். கடினமானதைத் தடுமாறி வாசிப்பதைவிட எளியதைச் செம்மையாக வாசிக்கச் சொன்னார். கட்டைகளைத் தொடாமலே இசையை மனத்தில் கேட்கப் பழகச் சொன்னார். களைப்பு வந்தால் சாதகத்தை நிறுத்தச் சொன்னார்.

அவருடைய கடைசிக் காலம் துயரமானது. 1854-ல் சித்தம் கலங்கி ரைன் நதியில் குதித்தார். படகுக்காரர்கள் காப்பாற்றினார்கள். மனநோய் விடுதியிலேயே 1856 ஜூலை 29-ந் தேதி மறைந்தார்.

கிளாரா அம்மையார் கணவரின் உருப்படிகளை ஐரோப்பாவெங்கும் வாசித்துப் பரப்பினார். நடுவே கைவலியால் சில காலம் கச்சேரிகளை நிறுத்த நேர்ந்தது. ஆயினும் மறுபடி மேடைக்கு வந்தார். 1891-ல் பிராங்பர்ட்டில் கடைசி முறையாக அவர் மேடையில் வாசித்தபோது வயது 71.